தொட்டிக் கடல்

ஞானையனின் அடுக்களையைக் கடல் கொண்டு போனது ஒரு மத்தியான நேரத்தில், அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது. குழம்பையும் சேர்த்துத்தான் கொண்டு போனது. உப்பு பார்க்க அகப்பையோடு குனிந்த அவன் பெண்டாட்டி ஓமனக்குட்டி, பின்சுவர் முனகுகிற சத்தம் கேட்டு முன்முறிக்கு ஓடிவந்து திரும்பிப் பார்த்தாள். அடுப்பு இல்லை, சட்டி இல்லை, சுவர் இல்லை. கையில் அகப்பை இருந்தது. அதில் கொஞ்சம் குழம்பும் இருந்தது.

"உப்பு செரியா இருந்துதா?" என்று பிறகு ராஜையா கேட்டான். ராஜையா, ஞானையனோடு பாறசாலை சந்தையில் சுமடு எடுக்கிறவன். எந்தச் சாவு வீட்டிலும் ஏதாவது கேட்டு அடி வாங்குகிற ஆள்.

"இப்போ செரியாயிருக்கும். கடலே கேறியாச்சுல்லா" என்றாள் ஓமனக்குட்டி.

ஞானையன் கடல்காரன் இல்லை. வலை பிடித்தவனில்லை, நீந்தத் தெரியாது. தலையில் சும்மாடு வைத்து மூட்டை சுமந்து கழுத்து குறுகிப்போன மனுஷன். வேறு எங்கும் மண் வாங்க வகையில்லாமல் தெக்கேப்பொழிக் கரையில் வாங்கினான். கடலைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது, அது வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது என்பது மட்டும். வாங்கும்போது தென்னைகளுக்கு அப்பால் இருந்தது. இப்போது தென்னையும் இல்லை, அப்பாலும் இல்லை.

மிச்சம் இருந்தது முன்னறையான ஒரு முறியும் ஒரு வராந்தாவும். அதைக் காப்பாற்ற அவனுக்கு வேண்டியது ஒன்றுதான்: வைகாசியில் இடவப்பாதி மழை தொடங்குமுன் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் பாறாங்கல். பஞ்சாயத்தில் போய்க் கேட்டான். கல்லெல்லாம் அலையாபீசின் கையில் என்று நெய்யாற்றின்கரைக்கு அனுப்பினார்கள்.

அலையாபீசுக்கு முழுப்பெயர் 'அலையியல் மற்றும் கரைகாப்பு உயர்நிலையம்'. கடலிலிருந்து அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். வாசலில் ஒரு நங்கூரம் நட்டு வைத்திருந்தார்கள், அதற்கு வருஷாவருஷம் பெயிண்ட் அடிப்பார்களாம். உள்ளே லேகா என்ற இளவயசு இன்ஜினியரம்மா இருந்தாள். ஞானையன் சொன்னதையெல்லாம் கேட்டாள். கேட்டுவிட்டு, "அண்ணனுக்கு அலைன்னா என்னான்னு தெரியுமா?" என்றாள்.

"அடுக்களையைக் கொண்டு போனது."

"அதில்ல. அறிவியல்படி. அது தெரியாம கல் கேட்டு ஆளுக வருதுன்னு ஆடிட்டுல எழுதிட்டாங்க. இப்போ சட்டம் மாறியாச்சு. அலை அறிமுக வகுப்புல இருந்து பாசாகுற ஆளுக்குத்தான் கல். வகுப்பு சும்மா. சாயையும் வடையும் உண்டு."

வடை நன்றாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வகுப்பு எடுத்தது டைரக்டர், டாக்டர் சுகுணேந்திரன். கண்ணாடிபோல மின்னுகிற சப்பாத்து போட்டிருந்தார். நடக்கும்போது தரையைப் பார்த்தே நடந்தார், எங்கேயாவது ஈரம் இருக்குமோ என்று. மலையாளமும் இங்கிலீஷும் கலந்து பேசினார். ஞானையன் காதில் விழுந்தபடி பேச்சு இது:

"அன்புள்ளவர்களே, கடல் வருகிறது, கடல் வருகிறது என்று ஓடி வருகிறீர்கள். கடல் எங்கும் வரவில்லை. அலையில் தண்ணீர் நின்ற இடத்திலேயே வட்டம் போடுகிறது. முன்னால் வருவது சக்தி மட்டும். இது தெரியாததுதான் உங்கள் கஷ்டத்துக்கெல்லாம் காரணம். நான் முப்பது வருஷமாக அலையைப் படிக்கிறேன். ஒரு தடவைகூடக் கடலில் கால் வைக்க வேண்டி வந்ததில்லை. விஞ்ஞானத்தின் மேன்மை அதுதான்."

ஜன்னல் கம்பியில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை சஜு என்ற பணியாள் ஆட்டினான். கயிற்றில் அலை ஓடியது.

"பார்த்தீர்களா? அலை ஜன்னல் வரைக்கும் போயிற்று. கயிறு போயிற்றா?"

"இல்ல சாரே" என்று எல்லாரும் சொன்னார்கள். கயிறு போகவில்லைதான்.

ஞானையன் எழுந்தான். "சாரே, எனக்க அடுக்களையில முட்டளவு தண்ணி நின்னுது."

"அது சக்தி."

"உப்புக் கரிச்சுது சாரே."

டைரக்டர் சிரித்தார், பிள்ளைகளைப் பார்த்துச் சிரிப்பதுபோல. "நீங்கள் சொல்வது அலை உடைந்த பிறகு உள்ள நிலை. உடைந்த அலையில் தண்ணீர் முன்னால் வரலாம். ஆனால் அது அஞ்சாவது பாடம். அஞ்சாவது பாடத்துக்கு இன்னும் ஆள் நியமிக்கவில்லை. அதுவரை இந்த நிலையத்தில் அலை உடையாது."

ஞானையன் உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்தவர், கோட்டுகாலில் இருந்து வந்தவர், கிணறு உப்பாகிப்போன மனுஷன், காதோடு சொன்னார்: "பேசாதிரும். போன தடவை ஒருத்தன் எதிர்த்துப் பேசி ரெண்டாம் பாடத்துலயே தோத்தான். அவன் வீடு இப்போ ஒண்ணாம் பாடத்துல கெடக்கு, தண்ணிக்குக் கீழ."

மறுவாரம் தொட்டியைக் காட்டினார்கள். பெரிய ஹாலில் ஒரு பஸ் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி, நிறையத் தண்ணீர். ஒரு பக்கம் மோட்டார் வைத்த பலகை. பலகை ஆடினால் அலை கிளம்பி மறுபக்கம் போகும். மறுபக்கத்தில் மணல் கொட்டி, தெர்மோக்கோலில் வீடுகள் செய்து, பச்சைக் காகிதத்தில் தென்னைகள் நட்டிருந்தார்கள்.

"இது உங்கள் தெக்கேப்பொழிதான்" என்றார் டைரக்டர். "அச்சு மாறாமல்."

ஞானையன் ஆட்களை விலக்கி முன்னால் போனான். கண்ணாடியோடு மூக்கை ஒட்டித் தேடினான். மாதா குருசடி தெரிந்தது, தீப்பெட்டியில் செய்து சிலுவை ஒட்டியிருந்தார்கள். குருசடிக்குத் தெற்கேதான் அவன் வீடு. தெற்கே கண்ணாடிதான் இருந்தது.

"எனக்க வீட்டைக் காணல்ல."

சஜு குனிந்து பார்த்தான். "குருசடிக்குத் தெக்கயா? அப்போ தொட்டிக்கு வெளிய வரும். இதா, நான் நிக்குற இடமாக்கும்." அவன் நின்ற இடத்தில் ரப்பர் செருப்பும், ஒரு வாளியும், குடித்து வைத்த சாயைக் கிளாசும் இருந்தன.

"கொஞ்சம் தள்ளி நில்லும் மக்கா" என்றான் ஞானையன், தன்னை அறியாமல்.

டைரக்டர் விளக்கினார். தொட்டி அவ்வளவு நீளத்துக்குத்தான் அனுமதி கிடைத்தது. தொட்டிக்கு வெளியே அலை இருப்பதாக நிலையத்தால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாத அலைக்குக் கல் போட்டால் நாளைக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் கரண்டு போயிற்று. பலகை நின்றது, கடலும் நின்றது. 'சாயங்காலம் கடல் அமைதி' என்று லேகா குறித்துக்கொண்டாள். தினமும் அந்த நேரத்துக்குக் கரண்டு போகும் என்று சஜு சொன்னான்.

ஆனாலும் கடலைப் போய்ப் பார்ப்பது என்று ஒரு வழக்கம் இருந்ததால் ஒருநாள் ஜீப்பில் வந்தார்கள். டைரக்டர் ரோட்டிலேயே இறங்கி நின்று, பைனாகுலரில் ஞானையனின் வீட்டைப் பார்த்தார். வீடு கல்லெறியும் தூரத்தில்தான் இருந்தது. லேகா கரையில் கம்பு நட்டு அலைகளை அளந்தாள்.

அளந்து முடித்துக் கணக்கைக் காட்டினாள். அலைகளில் உயரமானவற்றை, மூன்றில் ஒரு பங்கை, தனியே எடுத்து அதற்குச் சராசரி போட வேண்டுமாம். அந்தச் சராசரிதான் சர்க்காருக்கு அலை. அந்த அலை ஞானையனின் வீட்டைத் தொடாது, வாசல் மணலோடு திரும்பிவிடும்.

"அப்போ அடுக்களையைக் கொண்டு போனது ஆரு?" என்றான் ஞானையன்.

"அது சராசரிக்கு மேற்பட்ட ஒரு தனி அலை" என்றார் டைரக்டர். "தனி அலைகள் செய்யும் காரியத்துக்கு நிலையம் பொறுப்பேற்க முடியாது. சராசரிப்படி பார்த்தால் உங்கள் அடுக்களை இப்போதும் அங்கேதான் இருக்கிறது."

ஓமனக்குட்டி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "அப்படியா? அப்போ சாரு அந்த அடுக்களையில இருந்து ஒரு சாயை குடிச்சுட்டுத்தான் போணும். வாருங்க. அடுப்புக்குப் பக்கத்துல இரியுங்க. சராசரிக்கு ஒரு பலகையும் போட்டுத்தாறேன்."

டைரக்டர் போகவில்லை. சப்பாத்து இருந்ததே.

போகவில்லையானாலும் பைனாகுலரில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். அலைகள் நேராக வரவில்லை, தெற்கேயிருந்து சாய்ந்து வந்தன. தெற்கே கொஞ்ச தூரத்தில் மாநில எல்லை.

"இது நம் அலையே அல்ல" என்றார். அவர் குரலில் முதல் தடவையாக ஒரு சந்தோஷம் இருந்தது. "எல்லை தாண்டி வருகிறது. நம் அலையாக இருந்தால் நாளைக்கே கல் போடலாம். இது இரு மாநில விஷயம்."

"எனக்க பொறந்த வீடு அந்தப் பக்கமாக்கும்" என்றாள் ஓமனக்குட்டி. "நானும் எல்லை தாண்டித்தான் கெட்டி வந்தேன். என்னை ஒருத்தனும் எந்த மாநிலம்னு கேக்கல்ல. அலைக்கு மட்டும் என்ன கேடு?"

"களியக்காவிளை செக்போஸ்ட்டுல நிறுத்திக் கேக்கணும்" என்றான் ராஜையா. "ரேசன் அரிசி இருக்கான்னு பஸ்ஸுல ஏறித் தடவுறாவளே, அதுபோல அலைக்க மடியையும் தடவிப் பாக்கணும்."

எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆபீசிலிருந்தும் சில பெரியவர்கள் வந்தார்கள். அலை எங்கே உடைகிறதோ அதுதான் அதன் சொந்த ஊர் என்று எழுதிக் கையெழுத்து போட்டார்கள். இந்தப் பக்கத்தில் அஞ்சாம் பாடத்துக்கு ஆள் இல்லாததால் அலை உடையாது என்று டைரக்டர் பதில் எழுதினார். எல்லாருமாகப் பிரியாணி தின்றார்கள். அலைக்கு ஊர் இல்லாமல் போயிற்று. ஊர் இல்லாத அலை ஞானையனின் வராந்தாத் தூணை ஒருநாள் அசைத்துவிட்டுப் போனது.

கடைசியில் கல் வந்ததற்குக் காரணம் அறிவியல் இல்லை, அகப்பை. அடுக்களை இருந்த இடத்தில் ஓமனக்குட்டி அகப்பையோடு நிற்கிற படம் ஒரு பத்திரிகையில் வந்துவிட்டது. மேலேயிருந்து போன் வந்தது. ஞானையன் பரீட்சையில் ஒரே ராத்திரியில் பாசானான். லோரிகள் கல்லோடு தெக்கேப்பொழிக்கு வரும் என்று சொன்னார்கள், கூட கிரேனும், டைரக்டரும்.

ஞானையன் சந்தையில் தன் கூட்டாளிகளைக் கூப்பிட்டான். "நாளைக்கு எனக்க வீட்டுக்கு கல்லு வருது. கிரேன் போட முடியாத இடுக்குல நம்ம கையாலதான் போடணும். எல்லாரும் வாருங்க. பெரிய சாரு வாறாரு, அலக்கித் தேச்ச சட்டையா இட்டுட்டு வாருங்க. ஒழுங்கா நிக்கணும். பேசக் கூடாது. ராஜையா, உன்னயத்தான் சொல்லுதேன்."

அவன் செய்த பிழை அதுதான். சுமட்டுக்காரனிடம் தேய்த்து வைத்திருக்கிற சட்டை ஒன்றுதான் உண்டு: யூனியனின் நீலச்சட்டை.

லோரிகள் வந்தன. ஒவ்வொரு கல்லிலும் சிவப்பு பெயிண்டில் 'தெக்கேப்பொழி' என்று எழுதியிருந்தது. ஞானையன் அதை எழுத்துக் கூட்டி வாசித்துக் கண் கலங்கினான். கிரேன் முதல் கல்லைத் தூக்கி மணலில் வைத்தது. நீலச்சட்டைகள் வரிசையாக, கைகட்டி, வாய் திறக்காமல், மரியாதையாக நின்றார்கள். அப்போதுதான் டைரக்டரின் ஜீப் வளைவு திரும்பியது.

இந்த நாட்டில் கிரேன் சுமை இறக்குகிற இடத்தில் நீலச்சட்டைகள் கைகட்டி நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நோக்குகூலி. வேலையை மெஷின் செய்யும், அதைப் பார்த்து நின்றதற்கு யூனியன் கூலி கேட்கும். கோர்ட்டு தடுத்தாயிற்று, சர்க்கார் நிறுத்தியாயிற்று. பார்த்தவர்களின் பயம் மட்டும் நிற்கவில்லை.

"நோக்குகூலி!" என்று கத்தினார் டைரக்டர், ஜீப்பை விட்டு இறங்காமல். "நிறுத்து கிரேனை!"

ஞானையன் ஓடினான். "கூலி ஒண்ணும் வேண்டாம் சாரே! இது எனக்க வீடு. இவிய எனக்க ஆளுக. கல்லு சுமக்க வந்ததாக்கும். சும்மா."

"சும்மா சுமக்க வந்தோம் என்று சொல்லும் சுமட்டுக்காரனை என் சர்வீசில் பார்த்ததில்லை. இது புது தந்திரம். ஒரு வேலையும் செய்யாமல், அடுத்தவன் செய்வதைப் பார்த்து நின்று காசு வாங்குவது! இதைவிடக் கேவலம் உண்டா மனுஷனுக்கு? இந்த நாடு நாசமாய்ப் போனதே இதனால்தான்."

"நாங்க பாக்கல்ல சாரே. வேணும்னா கண்ணை மூடிக்கிடுதோம்" என்றான் ராஜையா.

அதோடு எல்லாம் முடிந்தது. 'தொழில் தகராறு' என்று லேகாவை எழுதச் சொன்னார். லோரிகள் திரும்பின. மணலில் வைத்த முதல் கல்லையும் கிரேன் திரும்ப எடுத்தது.

"அந்த ஒண்ணையாவது போட்டுட்டுப் போங்க சாரே" என்று ஓமனக்குட்டி ஜீப்பின் கம்பியைப் பிடித்தாள்.

"ஒரு கல் அறிவியல் ஆகாது" என்றார் டைரக்டர்.

இடவப்பாதி சொன்ன நேரத்துக்கு வந்தது. அதற்கு மட்டும் கமிட்டி இல்லை. வராந்தா முதலில் போயிற்று. அன்றைக்கு அலையாபீஸ் முழுக்கக் கரைக்கு வந்திருந்தது, குடையும் காமிராவும் மெஷின்களுமாக. எல்லார் முகத்திலும் திருவிழாக் களை. டைரக்டர் சப்பாத்துக்கு மேல் பிளாஸ்டிக் உறை கட்டிக்கொண்டு ரோட்டில் நின்றார்.

ஞானையனும் ராஜையாவும் கட்டிலையும் பாத்திரத்தையும் வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஓமனக்குட்டி கூரை ஓடுகளைப் பிரிக்க ஏணி கேட்டு நின்றாள். அவள் கையில் லேகா அளவுக்கம்பைக் கொடுத்து, "சேச்சி, கொஞ்சம் நேரே பிடியுங்க, காத்துல ஆடுது" என்றாள். ஓமனக்குட்டி ஒன்றும் புரியாமல் பிடித்தாள். அவள் பிடித்த கம்பில் எத்தனையாவது கோடு வரை அலை ஏறியது என்று லேகா வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோதே முன்முறிச் சுவர் மண்டியிட்டு விழுந்தது. பிறகு கூரை. ஒரு வீடு போக இவ்வளவு கொஞ்ச நேரம்தானா என்று ஞானையனுக்குத் தோன்றியது. கட்ட எத்தனை வருஷம் கழுத்து ஒடிந்தது.

"அருமை" என்றார் டைரக்டர். மனசாரச் சொன்னார். "நீங்கள் பாக்கியசாலி ஞானையன். உங்கள் வீடு டெல்லிக் கருத்தரங்குக்குப் போகிறது."

ஞானையனும் ஓமனக்குட்டியும் பாறசாலைப் பக்கம் ஒரு ஸ்கூலுக்குப் போனார்கள். அங்கே ஒரு வகுப்பறையை நாலு குடும்பத்துக்குச் சேலை கட்டிப் பிரித்திருந்தார்கள்.

மழை அடங்கியதும் நெய்யாற்றின்கரையில் விழா. வகுப்பில் பாசானவர்களுக்குச் சான்றிதழ். ஓமனக்குட்டி வரமாட்டேன் என்றாள். ராஜையாவும் கூட்டாளிகளும் வந்தார்கள், அதே நீலச்சட்டையில், கடைசி வரிசையில்.

"கடலரிப்பை நாம் தடுக்கவில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள்" என்று டைரக்டர் பேசினார். "தடுத்திருந்தால் இந்தத் தகவல்கள் கிடைத்திருக்குமா? வீடுகள் இன்று இருக்கும், நாளை போகும். தகவல் நிலைத்திருக்கும். இந்த வருஷம் நம் நிலையத்துக்கு ஒரு சேதமும் இல்லை என்பதைப் பெருமையோடு சொல்கிறேன்."

எல்லாரையும் தொட்டிக்குப் பக்கத்தில் கூட்டிப் போனார்கள். மணலைத் தள்ளிக் கொட்டியிருந்தார்கள். குருசடிக்குத் தெற்கே இப்போது புதிதாக ஒரு தெர்மோக்கோல் வீடு. அதற்குப் பின்னால் குட்டியாக ஓர் அடுக்களைகூட இருந்தது.

"பாருங்கள், உங்கள் வீட்டைத் தொட்டிக்குள் கொண்டு வந்துவிட்டோம்" என்றார் டைரக்டர். "சஜு, அன்றைய அலையைக் காட்டு."

பலகை ஆடியது. அலை போய் வாசல் மணலோடு திரும்பியது.

"போதாது. கூட்டு."

"சாரே, கண்ணாடி பழசாக்கும். ஓரத்துல ஒழுகுது."

"இது ஐம்பது வருஷத்துக்கு ஒரு தடவை வரும் அலை. கூட்டு என்கிறேன்!"

சஜு கூட்டினான். அலை எழுந்தது. தெர்மோக்கோல் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடிதான் நெடுக்கே கீறி, பட்டென்று விட்டுக்கொடுத்தது. தெக்கேப்பொழிக் கடல் முழுக்க ஹாலுக்குள் இறங்கியது. நாற்காலிகள் மிதந்தன, சான்றிதழ்கள் மிதந்தன. டைரக்டர் ஒரு மேசையில் ஏறப் பார்த்து வழுக்கி, முட்டளவு தண்ணீரில் நின்று கூவினார்: "பிடியுங்கள்! யாராவது பிடியுங்கள்! தண்ணி! தண்ணி வருது!"

நீலச்சட்டைகள் சுவரோரமாகக் கைகட்டி நின்றார்கள்.

"பேடிக்காதீங்க சாரே" என்றான் ஞானையன். "அது தண்ணி இல்ல. தண்ணி நின்ன இடத்துல வட்டம் போட்டுக்கிடும். இது சக்தி மட்டுமாக்கும்."

"சராசரி எடுத்துப் பாருங்க சாரே" என்றான் ராஜையா. "உங்க சப்பாத்து நனையவே இல்ல."

அலையால் பாதிக்கப்பட்ட சர்க்கார் கட்டிடம் என்று மறுநாளே உத்தரவு வந்தது. வகுப்பு வைக்கவில்லை. அலை எந்த மாநிலம் என்று யாரும் கேட்கவில்லை. புதுத் தொட்டியைச் சுற்றிக் கல் அடுக்க வேண்டும், உடனே. கிரேன் ஹாலுக்குள் நுழையாது என்பதால் சுமட்டுக்காரர்களைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் போகத்தானே வேண்டும், வயிறு இருக்கிறதே.

கல்லைப் பார்த்ததும் ராஜையா பேச்சை நிறுத்தினான். அவன் பேச்சை நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. கல்லில் சிவப்பு பெயிண்டில் 'தெக்கேப்பொழி' என்று இருந்தது. கம்பில் கட்டி, நாலு பேர் தோள் கொடுத்து, ஒவ்வொன்றாகச் சுமந்து அடுக்கினார்கள். ஞானையன் எழுத்து உள்பக்கம் போகும்படி வைத்தான். நல்ல கல். எந்தக் கடலும் அசைக்காது.

டைரக்டர் காலையிலிருந்து வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், புதுச் சப்பாத்தோடு. வேலை முடிந்து கூலி வாங்கியதும் ஞானையன் நேரே அவரிடம் போனான். கையிலிருந்த நோட்டுகளில் ஒன்றை உருவி, நாலாக மடித்து, அவருடைய சட்டைப் பையில் செருகினான்.

"என்ன இது?" என்றார் டைரக்டர்.

"காலத்தே தொட்டு நின்னு பாத்தியள்ளா சாரே. எனக்க வீடு போகும்போளும் பாத்திய. அதுக்காக்கும்."

சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தான். நோட்டை டைரக்டர் திருப்பிக் கொடுக்கவில்லை.